எல்லைப்புறத்து வில்லும் வீட்டுக் காமிராவும்



திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் நோக்கி வரும் நெடுஞ்சாலையில் நெய்யாற்றின்கரை, அதன் பின் பாறசாலை, அடுத்துக் களியக்காவிளை. களியக்காவிளை தமிழ்நாடு. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் சென்னை மாநிலத்தைச் சார்ந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. ஆயினும் வில்லுப்பாட்டு இருபுறமும் உண்டு. அப்புறத்தில் அதனை வில்லடிச்சான் பாட்டு என்பர்.

இவ்வூர்களினின்று தில்லிக்கும் மும்பைக்கும் சென்று வாழும் நம்மவர், கோயில் விழாவுக்கு ஊர் திரும்புகையில் வீடியோ காமிராவுடன் வருகின்றனர். முதிய புலவர் பாடுவதைப் பதிவு செய்கின்றனர். படம் செவ்வையாக அமைகிறது, பாட்டுத்தான் அமைவதில்லை. காமிராவினுள் உள்ள சிறு ஒலிவாங்கி தொலைவில் இருக்கிறது. குடம் அதிர்ந்தவுடன், காமிரா தானாகவே ஒலியளவைத் தாழ்த்துகிறது; உடன்வரும் பாட்டும் தாழ்கிறது. பாட்டு ஓய்ந்த இடைவெளியிலோ அளவை உயர்த்திக் கூட்டத்தின் இரைச்சலை அள்ளிக்கொள்கிறது.

இதனை உணர்ந்தோர், மைக்செட்டுக்காரரிடம் தொழில்முறை ஒலிவாங்கி ஒன்றை வாங்கிப் புலவரின் வாயருகே ஒரு சாண் தொலைவில் வைக்கின்றனர். நல்ல யோசனைதான். இடர் எழுவது இணைப்பில்.

அவ்வொலிவாங்கியின் செருகியில் மூன்று முனைகள் உள்ளன. முதலாவது கம்பியுறைக்கு உரியது. மற்ற இரண்டும் ஒரே ஒலியை ஏந்துவன. எனினும் ஒன்று ஏறுங்கால் மற்றது இறங்கும். வழியிற் புகும் இரைச்சலோ இரண்டிலும் ஒரே வகையாய் ஏறும். உரிய கருவி இரண்டன் வேறுபாட்டை மட்டும் கொள்வதால் இரைச்சல் கழிந்து ஒலி நிற்கிறது. இதனை ஆங்கிலத்தார் ‘பேலன்ஸ்டு’ என்பர். ‘சமநிலை’ எனப் பெயர்ப்பதினும் ‘எதிர்ச்சோடி’ என்பது பொருளை நன்கு உணர்த்தும் என்பது நம் கருத்து.

காமிராவின் 3.5 மில்லிமீட்டர் துளையிலும் தொடர்புகள் மூன்றே. ஆனால் அவை இடம், வலம், பொது என்பன. மூன்றுக்கு மூன்று என்று இணைத்துவிட்டால், பாட்டு ஒரு பக்கம் நேராகவும் மறுபக்கம் தலைகீழாகவும் பதியும். காதொலிப்பானில் பாட்டுக் கேட்கும். ஆதலின் ஐயம் எழாது. ஒற்றை ஒலிபெருக்கியிலோ இரண்டும் கலந்து ஒன்றையொன்று அழிக்கும். வீட்டார் கூடியமர்ந்து கேட்கும்போது பாடுபவரின் வாய் அசையும், குரல் இராது.

சுருள்வகை ஒலிவாங்கியாயின், இரண்டாம் முனையைக் காமிராச் செருகியின் நுனி, வளையம் இரண்டோடும் சேர்த்து, மூன்றாவதை முதலாவதோடு கூட்டிப் பொதுவில் பொருத்துதல் வேண்டும். காமிரா அத்துளை வழியே சில வோல்ட் மின்சாரம் விடுவதுண்டு. அது சுருளிற் பாயாவண்ணம் மின்தேக்கி இட்டுத் தடுத்தல் நன்று. 48 வோல்ட் வேண்டும் கண்டென்சர் வகைக்கு இம்முறை பயன்படாது. மின்மாற்றியும் மின்னூட்டமும் அமைந்த இடைப்பெட்டி தேவை. மைக்செட்டின் கலப்புக் கருவியிலிருந்து நேரே ஒலி எடுப்போர் அதனை ஏறத்தாழ நூறில் ஒரு பங்காய்க் குறைத்தே ஒலிவாங்கித் துளையிற் செலுத்துக. இன்றேல் ஒலி கிழியும். காமிராவில் தானியங்கு ஒலியளவை நிறுத்தும் வசதி இருப்பின் முதலில் அதை நிறுத்துக.

முன்னரே பதிவு செய்து, குரல் இல்லையென்று மூலையில் இட்ட நாடாக்கள் உங்களிடம் இருக்கக்கூடும். அவற்றை எறிந்துவிட வேண்டா. கணினியில் ஏற்றி, வலப்பக்கத்து ஒலியை நீக்கி, இடப்பக்கத்தை மட்டும் ஒலிக்கச் செய்து பாருங்கள். பிழை இணைப்பில் நேர்ந்ததாயின், பாடியவர் இன்று இல்லையெனினும் பாட்டு அங்கே முழுமையாக இருக்கும்.