தகட்டில் ஒரு கூழைக்கடா
(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நுழைவாயில் சுவரில் இரும்புத் தகட்டில் செய்த கூழைக்கடா ஒன்று வேண்டும் என்று நம் பிள்ளைகள் கேட்டிருக்கிறார்கள். 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் பரவியதே, அப்போது சிறகெல்லாம் கறுத்துப்போன கூழைக்கடாக்களை நீங்களும் படத்தில் பார்த்திருப்பீர்கள். அதனால்தான் அந்தப் பறவை. எங்கே வாங்கலாம் என்று பேச்சு ஓடுகிறது. வாங்க வேண்டாம், இங்கேயே செய்வோம் என்று சொல்லத்தான் மைக்கைப் பிடித்தேன்.

கரீபியன் கடலில் ஹைட்டி என்று ஒரு ஏழை நாடு. அங்கே ஜார்ஜ் லியோதோ என்ற கொல்லர் கல்லறைகளுக்கு இரும்புச் சிலுவை அடித்துக்கொண்டிருந்தார். 1953 வாக்கில் கலை மையம் ஒன்று அவற்றைக் கவனித்து, சிற்பம் செய்யத் தூண்டியது. அவர் வழியில் அந்த ஊரே பழைய எண்ணெய் டிரம்மை எடுத்துக்கொண்டது. மூடியையும் அடியையும் வெட்டிவிட்டு, உள்ளே வைக்கோல் போட்டுக் கொளுத்தி, பக்கவாட்டில் பிளந்து, தட்டித் தட்டையாக்குவார்கள். அதன்மேல் சாக்பீஸால் வரைந்து உளியும் சுத்தியலுமாக வெட்டினால் மரம், மீன், பறவை. இப்போது வண்ணமும் பூசி விற்கிறார்கள். நம் சோழமண்டலத்திலும் பி.வி. ஜானகிராம் தகட்டை அடித்தே சிற்பம் செய்தவர்தான்.

திருவொற்றியூர், மணலியில் டிரம்முக்கும் வெல்டிங் பட்டறைக்கும் பஞ்சமா? ஆனால் கெமிக்கல் இருந்த டிரம்மில் கேஸ் கட்டர் வைக்கவே கூடாது. உள்ளே தங்கிய ஆவி வெடிக்கும். நமக்குப் புதுத் தகடு போதும்.

பெரிய பகை உப்புக் காற்று. துருவை நாங்கள் தேய்மானக் கணக்கில் எழுதுவோம். காற்று அந்தக் கணக்குக்கெல்லாம் கட்டுப்படாது. துரு பெரும்பாலும் ஓரத்தில்தான் ஆரம்பிக்கும், கூரான விளிம்பில் பெயின்ட் மெலிந்து நிற்பதால். ஆகவே ஒவ்வொரு இறகின் ஓரத்தையும் அரத்தால் மழுக்கச் சொல்லுங்கள். எமரி தேய்த்து, எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, பனி ஈரம் காய்ந்த பிறகே பிரைமர் அடிக்க வேண்டும். துத்தநாகம் கலந்த பிரைமர் நல்லது; துத்தநாகம் தான் கரைந்து இரும்பைக் காப்பாற்றும். சுவரைப் பார்க்கிற பின்பக்கத்தை எல்லாரும் விட்டுவிடுவார்கள். அங்கேயும் இரண்டு கோட்டிங். சுவரோடு ஒட்டாமல் ஓர் அங்குலம் தள்ளி மாட்டினால் மழைநீர் தேங்காது. மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவுகிற வேலையைப் பிள்ளைகளிடமே கொடுக்கலாம்.

கண்ணைச் சுற்றி மஞ்சளா, இளஞ்சிவப்பா என்பதை அவர்களே முடிவு செய்யட்டும்.

பட்டறையில் நான் பேசிப் பார்க்கிறேன். பட்ஜெட்டில் பறவைக்கு ஒரு வரி, வருடாவருடம் டச்-அப் பெயின்டுக்கு இன்னொரு வரி எழுதுங்கள். இரண்டாவது வரி இல்லாத காகிதத்தில் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.