ஒரு ஸ்பூன் முளைகட்டின ராகி

தருமபுரின்னா ராகிக்களி. 2023-ல ரேஷன்ல 2 கிலோ அரிசிக்குப் பதிலா கேழ்வரகு கொடுக்கிற திட்டத்துக்கு முதல்ல தேர்வான மாவட்டங்கள் நீலகிரியும் தருமபுரியும்தான்.

ஆனா குழந்தைக்கு ராகிக்கஞ்சி காய்ச்சுறதுல ஒரு சிக்கல். மாவு கூடினா கெட்டியாகும், விழுங்க முடியாது. தண்ணி கூடினா அந்தச் சின்ன வயிறு தண்ணியிலேயே நிறைஞ்சிடும், சத்து போதாது.

இதுக்குத் தீர்வு முளைகட்டின ராகி. முளைக்கும்போது தானியத்துல அமைலேஸ் நொதி பெருகும். மாவுச்சத்தோட நீளமான சங்கிலிகளை வெட்டுற கத்தரிக்கோல் அது. கத்தரி ரெண்டு மடங்கானா, வேகமும் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. ஆனா வெட்ட வேண்டிய சங்கிலியை விட கத்தரி அதிகமாயிட்டா, மேல மேல சேர்த்தும் பலன் இல்ல.

1980-களில் பரோடா பல்கலைக்கழகத்தில் தாரா கோபால்தாஸ் குழுவினர் ஆராய்ந்தது இதைத்தான். முளைகட்டி அரைச்ச மாவு ஒரு ஸ்பூன் போதும், கெட்டிக்கஞ்சி சில நிமிஷத்துல இளகிடும்.

கொதிக்கும்போது போடாதீங்க, நொதி செயலிழந்துடும். அடுப்பை அணைச்சு, கொஞ்சம் ஆறினதும் கலக்குங்க. இளகின பிறகு கிருமி போக இன்னொரு கொதி விடுங்க. அதே கிண்ணம்தான், ஆனா குழந்தைக்குப் போற ராகி கூடுதல்.