கல்வி ஆராய்ச்சியும் தோட்டப் பாடசாலையும்



சில ஆண்டுகளுக்கு முன், மொனராகலைப் பகுதியிலுள்ள எமது பாடசாலைக்கு ஆராய்ச்சியாளர் ஒருவர் வந்தார். கலாநிதிப் பட்டத்திற்காகத் தோட்டப் பிள்ளைகளின் கல்வியை ஆராய்வதாகக் கூறி, ஏழாம் தர மாணவரிடம் அச்சிட்ட வினாக்கொத்துகளைக் கொடுத்தார். வீட்டில் எத்தனை அறைகள், தந்தை எதுவரை படித்தவர், தாய் எத்தனை மணிக்கு வேலைக்குச் செல்கிறார் என்பன போன்ற வினாக்கள் அவற்றில் இருந்தன. பிள்ளைகள் பரீட்சை எழுதுவது போலவே சிரத்தையோடு எழுதிக் கொடுத்தனர். அவரும் நன்றி கூறி விடைபெற்றார். இரண்டு வாரங்கள் கழித்து ஒரு சிறுமி என் அறை வாயிலில் வந்து நின்று, "சேர், எங்களுக்கு எத்தனை புள்ளி?" என்று கேட்டாள்.

நான் விடை கூற இயலாது நின்றேன். அந்த ஆராய்ச்சியின் முடிவு எம்மை இன்றுவரை வந்தடையவில்லை. ஆகவே, அச்சிறுமிக்குக் கூறவேண்டிய விடையும் இன்னும் என்னிடம் இல்லை. அவளுடைய கேள்வியையே இன்றைய பேச்சுக்குப் பொருளாக எடுத்துக்கொள்கிறேன்.

கலாநிதிப் பட்டம் என்றதும் பெயருக்கு முன்னால் நிற்கும் ஓர் அடைமொழியே பலருடைய நினைவுக்கு வருகிறது. உண்மையில் அஃது ஒரு நெடிய பயிற்சி. இதுவரை செவ்வையாக விடை காணப்படாத வினாவொன்றைத் தெரிந்தெடுத்தல், அதுபற்றி முன்னோர் கூறியவற்றைக் கற்றல், சான்றுகளைத் திரட்டல், கண்ட முடிவை அறிந்தோர் அவையில் வைத்து அவர்தம் தடைகளுக்கு விடையிறுத்தல் ஆகிய நான்கும் அதன் படிகள். தமிழருக்கு இது புதிய வழக்கமன்று. தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில், அதங்கோட்டாசான் முன்னிலையில் அரங்கேறியதாக அதன் பாயிரம் கூறுகின்றது. நூலுக்கு ஆசிரியன் எத்துணை இன்றியமையாதவனோ, கேட்டு வினவும் அவையும் அத்துணை இன்றியமையாதது. இக்காலத்தில் ஆராய்ச்சிச் சமூகம் என்று நாம் கூறுவது அவ்வவையையே.

கல்வியியல் இந்த அவைக்குப் பிந்தி வந்த துறை. நியூயோர்க் நகரின் ஆசிரியர் கல்லூரி 1893 இல் கல்வியியலில் கலாநிதிப் பட்டம் வழங்கியது. ஹாவார்ட் பல்கலைக்கழகம் 1920 இல் கல்விக்கெனத் தனிப் பட்டப்பின் பீடம் அமைத்தது. எமது நாட்டில் 1942 இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றிய பின்னரே இத்துறைக்கு உயர்கல்வியில் இடம் கிடைத்தது. இன்று கொழும்பு, பேராதனை, யாழ்ப்பாணம் ஆகிய பல்கலைக்கழகங்களிலும், 1980 இல் நிறுவப்பெற்ற திறந்த பல்கலைக்கழகத்திலும், 1985 ஆம் ஆண்டுச் சட்டத்தினால் அமைந்த மகரகமை தேசிய கல்வி நிறுவகத்திலும் ஆசிரியர்கள் கல்வியியலில் மேற்பட்டம் பெற வாய்ப்புண்டு. எமது ஊவா மாகாணத்தில், பதுளையில், 2005 இல் ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் எழுந்தது நாம் மகிழத்தக்கதே. ஆயினும் விஞ்ஞானம், தொழினுட்பம், முகாமைத்துவம் முதலிய துறைகளுக்காகவே அது தொடங்கப்பெற்றது. ஆகவே, கல்வியியலை ஆழ்ந்து கற்க விரும்பும் எமது ஆசிரியர் இன்றும் மலையிறங்கி நெடுந்தூரம் செல்லவேண்டியவரே.

தோட்டக் கல்வியில் ஆராய்ச்சிக்கு என்ன தேவை என்று சிலர் வினவலாம். 1907 ஆம் ஆண்டுச் சட்டமும் 1920 ஆம் ஆண்டுச் சட்டமும் தொழிலாளர் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிக்கும் பொறுப்பைத் தோட்டத் துரைமாரிடம் ஒப்படைத்தன. 1945 இல் இலவசக் கல்வி வந்தபோதும் தோட்டப் பாடசாலைகள் அதன் முழுப் பயனைப் பெறவில்லை. 1977 முதற்கொண்டே அவற்றை அரசாங்கம் படிப்படியாகப் பொறுப்பேற்றது. இத்தனை காலம் பின்தங்கியமைக்குக் காரணம் யாது? "பெற்றோருக்கு அக்கறையில்லை" என்பதே எங்கும் கேட்ட விடை. இலண்டன் பல்கலைக்கழகத்துப் பேராசிரியை ஏஞ்சலா லிட்டில் 1999 இல் வெளியிட்ட நூல், தோட்டக் கல்வியின் தேக்கத்தையும் வளர்ச்சியையும் பொருளாதாரம், குடியுரிமை, அரசியல் ஆகியவற்றோடு இணைத்து ஆராய்ந்தது. கொழும்புப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் சோ. சந்திரசேகரன் இவ்விடயங்களைத் தமிழிலே எழுதி ஆசிரியரிடம் கொண்டுவந்தார். பழிச்சொல் நின்ற இடத்தில் ஆராய்ச்சி காரணத்தைக் கொண்டுவந்து வைத்தது.

இவ்விடத்தில் என் குற்றமொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். "பெற்றோர் கவனக்குறைவு" என்ற சொற்றொடரை நானே பல ஆண்டுகளாக என் அறிக்கைகளில் எழுதி வந்தேன். எம்மிடம் பணியாற்றிய இளம் ஆசிரியை ஒருவர் முதுதத்துவமாணிப் பட்டத்திற்குப் பதிவு செய்திருந்தார். அவர் ஒருநாள் வரவு இடாப்பைத் திறந்து வைத்து, "சேர், இந்தப் பிள்ளைகள் எந்தெந்த நாள்களில் வரவில்லை என்று பார்த்தோமா?" என்று கேட்டார். பார்த்தோம். வராதவருள் பெரும்பாலார் வீட்டின் மூத்த பெண்பிள்ளைகள். தாயார் விடியலிலேயே இறப்பர் பால் வெட்டச் செல்வார். கைக்குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் அதனைப் பிள்ளைக்காம்பராவில் விடமுடியாது. அன்று அக்காளுக்குப் பாடசாலை இல்லை. அக்கறையற்ற பெற்றோர் என்று நான் எழுதிய இடத்திலெல்லாம் ஒரு குழந்தையின் காய்ச்சல் இருந்தது. அதன்பின் அத்தகைய பிள்ளைகளுக்கு விடுபட்ட பாடங்களை மறுநாள் தனியே கற்பிக்கும் ஒழுங்கைச் செய்தோம். அச்சொற்றொடரையும் என் அறிக்கைகளிலிருந்து நீக்கினேன்.

அவ்வாசிரியை தமது பட்டத்தை முடிக்கவில்லை. அறிவுக் குறைவோ முயற்சிக் குறைவோ அதற்குக் காரணமன்று. மேற்பார்வையாளரைக் காண விடுமுறை எடுத்து இரவுப் பேருந்தில் கொழும்புக்குச் செல்லவேண்டும். வேண்டிய நூல்கள் ஆங்கிலத்தில் இருந்தன. எழுதிய அத்தியாயத்தைப் படித்து, "இவ்விடம் தெளிவில்லை" என்று கூறவும் அருகில் ஒருவர் இல்லை. நான்கு ஆண்டுகள் தனித்து உழைத்து, ஐந்தாம் ஆண்டில் கைவிட்டார். பட்டம் ஒருவருடைய பெயரில் வரினும், அதனைத் தாங்குவது பலருடைய துணை என்பதை நான் அப்பொழுதே உணர்ந்தேன்.

ஆதலின், மூன்று வேண்டுகோள்களை உங்கள் முன் வைக்கிறேன். முதலாவது, ஆராய்ச்சி செய்வோருக்கு: எமது பிள்ளைகளிடம் விடை பெற்றுச் செல்லும் நீங்கள், உங்கள் முடிவை நான்கு பக்கத்திலேனும் எளிய தமிழில் எழுதி அப்பாடசாலைக்கு அனுப்புங்கள். அது சலுகையன்று, கடன். இரண்டாவது, ஆசிரியர்களுக்கு: பதுளை, பசறை, பண்டாரவளை, மொனராகலை ஆகிய இடங்களிலுள்ளோர் மாதம் ஒருமுறையேனும் ஓரிடத்திற் கூடி, ஒருவர் எழுதியதை மற்றவர் படித்துத் தடைகூறும் சிறு அவையொன்றை அமைத்துக்கொள்ளுங்கள். பட்டத்திற்குப் பதிவு செய்யாதவரும் அதில் அமரலாம். வரவு இடாப்பும் சம்பவத்திரட்டுப் புத்தகமும் எமது அலுமாரியிலேயே உள்ள ஆராய்ச்சி நூல்கள். மூன்றாவது, பல்கலைக்கழகப் பெரியோர்களுக்கு: ஆண்டில் சில நாள்களேனும் மேற்பார்வையாளர்கள் பதுளைக்கு வந்து அமர்வார்களாயின், எமது ஆசிரியர் பலர் பாதி வழியில் நின்றுவிடமாட்டார்கள்.

புள்ளி கேட்ட அச்சிறுமி இன்று க.பொ.த. சாதாரண தர வகுப்பில் பயில்கிறாள். அவள் எழுதிக்கொடுத்த விடைகள் எங்கோ ஒரு நூலகத்தில் ஓர் அட்டவணையின் எண்ணாக இருக்கக்கூடும். அவ்வெண் அவளிடம் சொல்லாகத் திரும்பி வரும் நாளில்தான் அந்த ஆராய்ச்சி நிறைவுபெற்றது என்று நான் கொள்வேன்.