முதல்ல தீர்மான நகல், அப்புறம் கடப்பாரை

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கத்து ஊர்க்காரி நான். ஊராட்சி குப்பைக் கொட்டகையில் எங்க குழு மண்புழு உரம் தயாரிக்கிறது. அந்த உரத்திலேயே நாத்து வளர்க்க, பக்கத்தில் நிழல்வலைக் குடில் போட முடிவு பண்ணினோம்.

"வலைதானே, இதுக்கு எதுக்கு அனுமதி?"ன்னு சிலர் கேட்டாங்க. வலை நம்மது, இடம் ஊராட்சியோடது. வாய்ச்சொல்லை நம்பி கம்பம் நட்டா, தலைவர் மாறினதும் பிடுங்கச் சொல்லலாம். கடனை யாரு கட்டுறது?

அதனால, ஏரிப் புறம்போக்கு இல்லைன்னு கிராம நிர்வாக அலுவலர்கிட்ட பார்த்துக்கிட்டு, சர்வே எண், நீள அகலம் எழுதி அக்டோபர் 2 கிராம சபையில் மனு கொடுத்தோம். தீர்மான நகல் வாங்கின பிறகுதான் குழி தோண்டினோம்.

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 – வருஷத்துக்கு 6 கிராம சபை. மனுவோட போங்க.