ஊசியின் அடையாளமா, நோயின் அடையாளமா?

(சோழவரம் வட்டாரக் கால்நடை வளர்ப்போர் கூட்டத்தில் கால்நடை மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)



ஆலைகள் பெருகிவிட்ட இவ்வட்டாரத்திலும் கறவை மாட்டை நம்பி வாழும் குடும்பங்கள் பல. அவர்தம் வருவாயைக் கெடுக்கவல்லது கன்று வீச்சு நோய். புருசெல்லா என்னும் நுண்ணுயிரால் வரும் இந்நோய் கண்ட பசு, பெரும்பாலும் ஐந்தாம் மாதத்திற்குப் பின் சினையை வீசிவிடும். காய்ச்சாத பாலாலும், வீசிய கருவை வெறுங்கையால் தொடுவதாலும் இது மனிதரையும் பற்றும். விட்டு விட்டு வரும் காய்ச்சலும் மூட்டு வலியும் வாட்டும்.

2019-ஆம் ஆண்டு மத்திய அரசு தொடங்கிய தேசியக் கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தில், கோமாரியுடன் இந்நோய்க்கும் தடுப்பூசி சேர்க்கப்பட்டது. 4 முதல் 8 மாத வயதுள்ள கிடேரிக் கன்றுகளுக்கு, வாழ்நாளில் ஒரே முறை இடுவது இது. வளர்ந்த பசுவுக்கு ஏன் இடலாகாது என உழவர் வினவுவதுண்டு. காரணம் இரண்டு. ஊசி மருந்தில் இருப்பது வீரியம் குறைந்த, ஆயினும் உயிருள்ள நுண்ணுயிர். சினைப் பசுவுக்கு இட்டால் சினை கலையக்கூடும். மற்றொன்று, பின்னர் செய்யும் இரத்தச் சோதனை குழம்பிவிடும் என்பது.

அச்சோதனை எவ்வாறு நடைபெறுகிறது? மாட்டு இரத்தத்தின் தெளிநீரில் ஒரு துளியை, இளஞ்சிவப்புச் சாயமேற்றிய செத்த நுண்ணுயிர்க் கலவையுடன் சேர்த்து அசைப்பர். நோய்க்கு எதிராக உடல் உண்டாக்கிய எதிர்ப்பொருள் இருப்பின், நான்கு நிமிடத்திற்குள் கலவை குறுமணல்போல் திரளும். சோதனை காண்பது எதிர்ப்பொருளை, நோய்க்கிருமியை அன்று. ஊசியிலுள்ள நுண்ணுயிருக்கும் நோய்க்கிருமிக்கும் மேற்போர்வை ஒன்றே. ஆதலின் இரண்டுக்கும் எழும் எதிர்ப்பொருளும் ஒன்றுபோல் தோன்றும். நாய் குரைத்தது என்பதனை மட்டும் கொண்டு, வந்தவன் திருடனா, விருந்தினனா எனச் சொல்ல இயலுமோ?

கன்றுப் பருவத்தில் ஊசி பெற்றால், அவ்வெதிர்ப்பொருள் பெரும்பாலும் சில மாதங்களில் தணிந்துவிடும். வயது கடந்து பெற்றால் நெடுநாள் நிற்கும். அப்போது நோயற்ற நல்ல பசுவும் நோயுற்றது எனப்பட்டு, அடிமாட்டு விலைக்குப் போகும். மாறாக, "ஊசியால் வந்த குறிதான்" என்று அசட்டையாக இருந்தால், மெய்யாகவே நோயுற்ற பசு கொட்டிலில் நின்று மற்றவற்றிற்கும் பரப்பும். இரண்டும் நட்டமே.

இதற்கு வழி உண்டு. ஊசி இட்ட வயதும் நாளும் தெரிந்தால், மருத்துவர் சோதனை முடிவை எடை போடுவார். ஐயம் இருப்பின் வேறு சோதனையால் உறுதி செய்வார். சில வாரம் கழித்து மீண்டும் பார்ப்பார். வீசிய கருவிலும் பாலிலும் கிருமியையே தேடுவார். அப்போர்வை இல்லாத ஆர்.பி. 51 என்னும் தடுப்பூசியும் வெளிநாடுகளில் பயன்பட்டு வருகிறது. அது இச்சோதனையைக் குழப்புவதில்லை.

ஆகவே ஊசி இட்டவுடன், கன்றின் காதுவில்லையிலுள்ள 12 இலக்க எண்ணையும், வயதையும், நாளையும் குறித்து வையுங்கள். மாடு வாங்குவோர் அக்குறிப்பைக் கேட்டு வாங்குக. விற்போர் அதனை மாட்டுடன் கொடுத்தனுப்புக. சினை வீசினால் மருத்துவருக்கு உடனே தெரிவியுங்கள். அவர் மாதிரி எடுத்த பின், கையுறையணிந்து, சுண்ணாம்பு இட்டு ஆழப் புதையுங்கள். பாலைக் காய்ச்சியே பருகுங்கள்.

ஊராட்சி மன்றங்கள் ஊருக்கொரு தடுப்பூசிப் பதிவேடு வைத்தால், செலவோ சிறிது. காப்பாற்றும் பசுக்களோ பல.