விருதுக்கு மறுநாள்



யாருடைய நினைவாக ஆண்டுதோறும் இந்தச் சொற்பொழிவு நடக்கிறதோ, அந்தப் பெரியவர் ஒருநாளும் மேடை ஏறியதில்லை. முன்வரிசையில் உட்கார்ந்து நாடகம் பார்த்தவர். பார்த்துவிட்டு வீடு திரும்பும் வழியெல்லாம் வாதாடிக்கொண்டே வருவார் என்று அவருடைய மகன் சொல்லக் கேட்டேன். நடிகர் பெயரிலும் நாடக ஆசிரியர் பெயரிலும் அறக்கட்டளைகள் உண்டு. ஒரு ரசிகர் பெயரில் அமைவது அரிது. அதனால்தான் இந்த ஆண்டு ரசிகர்களைப் பற்றி, விருது முடிவுகளை வைத்து அவர்கள் போடும் சண்டையைப் பற்றிப் பேச அனுமதி கேட்டேன். வேலையற்றவர்களின் சண்டை என்று அதை ஒதுக்குவோர் பலர். எனக்கு அதில் உடன்பாடில்லை. மேடை யாருக்கு உரியது என்ற கேள்வியை அவர்கள்தான் விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

2025 ஜூன் 8, ஞாயிற்றுக்கிழமை இரவு. நியூ ஜெர்சியில் மகள் வீட்டில் இருந்தேன். ஆற்றுக்கு அக்கரையில், நியூயார்க்கின் ரேடியோ சிட்டி அரங்கில், நாடகத்துக்கான டோனி விருது விழா. மகள், பதினாறு வயதுப் பேத்தி, நான் மூவரும் தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருந்தோம். பேத்தி நாடகப் பித்துப் பிடித்தவள். நாடகம் முடிந்ததும் அரங்கின் பக்கவாசலில் கையேட்டை நீட்டிக்கொண்டு நடிகர்களின் கையெழுத்துக்காகக் குளிரில் நிற்பாளே, அந்த ஜாதி.

அன்றிரவு ‘மேபி ஹேப்பி எண்டிங்’ என்ற இசைநாடகம் ஆறு விருதுகளை வென்றது. சிறந்த இசைநாடகமும் அதுவே. பழசாகிப்போனதால் கைவிடப்பட்ட இரண்டு ரோபோக்கள் சோல் நகரத்து அடுக்ககம் ஒன்றில் எதிரெதிர் வீட்டில் இருக்கின்றன. மின்மினி பார்க்க ஜெஜூ தீவுக்குப் போகின்றன, காதலிக்கின்றன. எழுதியவர்கள் ஹியூ பார்க், வில் ஆரன்சன். 2016-இல் சோல் நகரில் கொரிய மொழியில் அரங்கேறி, 2024 நவம்பரில் பிராட்வேயின் பெலாஸ்கோ அரங்குக்கு வந்தது. ஆண் ரோபோவாக நடித்த டாரன் கிறிஸ் சிறந்த நடிகர் விருதைப் பெற்றார். அவருடைய தாய் பிலிப்பைன்ஸின் செபுவைச் சேர்ந்தவர். இசைநாடகக் கதாநாயகனுக்கான அந்த விருதை ஆசிய அமெரிக்கர் ஒருவர் வென்றது அதுவே முதன்முறை. பேத்தி தேம்பித் தேம்பி அழுதாள்.

அழுகை அடங்கியதும் கோபம் வந்தது. எதிர்வீட்டு ரோபோவாக நடித்த ஹெலன் ஜே ஷென்னுக்குப் பரிந்துரைகூட இல்லை. “ரெண்டு பேர் சேர்ந்து பண்ற காதல் கதை தாத்தா. பாதிக்கு மட்டும் எப்படிப் பரிசு கொடுப்பாங்க?” என்றாள். என்னிடம் பதில் இல்லை.

சிறந்த நடிகை விருதில் வீடே இரண்டுபட்டது. ‘ஜிப்ஸி’ இசைநாடகம் 1959-இல் வந்தது. அதில் ரோஸ் என்ற தாய் வேடம் நடிகையருக்கு இமயமலை மாதிரி. பிராட்வேயில் அந்த வேடத்தைக் கட்டிய முதல் கறுப்பின நடிகை ஆட்ரா மெக்டொனால்ட். நடிப்புக்காக ஏற்கெனவே ஆறு டோனி வாங்கியவர், நடிப்புக்கான நான்கு பிரிவுகளிலும் வென்ற ஒரே கலைஞர். அன்று விருது அவருக்குப் போகவில்லை. ‘சன்செட் பொலிவார்ட்’ நாடகத்துக்காக நிக்கோல் ஷெர்சிங்கருக்குப் போனது.

“ஒரு கறுப்பினப் பெண் அந்த வேடத்துக்கு வரவே அறுபத்தஞ்சு வருஷம் ஆச்சு. அதுக்காவது அவங்களுக்குக் கொடுத்திருக்கக் கூடாதா?” என்றாள் மகள்.

“நிக்கோல் மட்டும் வெள்ளைக்காரங்களாம்மா? ஹவாயில பிறந்தவங்க. அவங்க அப்பா வழி பிலிப்பைன்ஸ்” என்றாள் பேத்தி.

அதே இரவில் இன்னொன்றும் நடந்தது. ‘எல்லோ ஃபேஸ்’ நாடகத்தில் நடித்த டேனியல் டே கிம், நாடகக் கதாநாயகனுக்கான பிரிவில் பரிந்துரை பெற்ற முதல் ஆசிய அமெரிக்கர். விருதோ ‘ஓ, மேரி!’ என்ற நாடகத்தை எழுதி நடித்த கோல் எஸ்கோலாவுக்குப் போனது. ஆண், பெண் என்ற இரண்டுக்குள்ளும் தம்மை அடக்கிக்கொள்ளாத ஒருவர் அந்தப் பிரிவில் வென்றது அதுவே முதன்முறை. ஒருவரின் முதல்முறை வெல்லும்போது இன்னொருவரின் முதல்முறை தோற்றுப்போகிறது. நெடுங்காலம் வாசலில் நின்ற பலர் ஒரே கதவில் முண்டியடிக்க நேர்ந்தால் இப்படித்தான் ஆகும். உள்ளே போனவர் மேல் எனக்குக் கோபமில்லை. கதவு ஏன் ஒன்றுதான் இருக்கிறது என்பதே என் கோபம்.

இந்த விருதின் ஏற்பாட்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மன்ஹாட்டனில் 500 இருக்கையும் அதற்கு மேலும் உள்ள 41 அரங்குகளுக்குச் சேர்த்து வழங்கும் பெயர் பிராட்வே. டோனி 1947 முதல் வழங்கப்படுகிறது. நடிகையும் இயக்குநருமான ஆன்டனெட் பெர்ரியின் செல்லப்பெயர் அது. வாக்களிப்போர் எண்ணூறு பேருக்குச் சற்று மேல். தயாரிப்பாளர்கள், கலைஞர்கள், வெளியூர்களில் அரங்கு நடத்துவோர் எல்லாம் அதில் அடக்கம். டிக்கெட் வாங்கும் ரசிகருக்கு வாக்கு இல்லை. ஒரு விதியை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அரங்கேற்றத்தின்போது வேடம் கட்டியவருக்கே பொதுவாக விருது. அவர் விலகிய பின் அந்த வேடத்துக்கு வருபவர் எவ்வளவு நன்றாக நடித்தாலும் போட்டியில் இல்லை.

இப்போது 1990-க்குப் போவோம்.

‘மிஸ் சைகோன்’ முந்தைய ஆண்டு லண்டனில் அரங்கேறி அமோகமாக ஓடிக்கொண்டிருந்தது. வியட்நாம் போர்க் கதை. அதில் எஞ்சினியர் என்று அழைக்கப்படும் தரகன், பாதி பிரெஞ்சு, பாதி வியட்நாமியன். அந்த வேடத்தைக் கட்டியவர் வெல்ஷ் நடிகர் ஜோனதன் பிரைஸ். கண்ணின் வடிவை மாற்ற ஒட்டுகளும், தோலுக்கு நிறமேற்ற ஒப்பனையும் லண்டனில் போட்டிருந்தார். அவரையே நியூயார்க்குக்கும் கொண்டுவரப் போகிறார்கள் என்றதும் ஆசிய அமெரிக்கக் கலைஞர்கள் கொதித்தெழுந்தார்கள். முன்னால் நின்றவர்கள் இருவர். ஒருவர் ‘எம். பட்டர்ஃபிளை’ எழுதிய டேவிட் ஹென்றி ஹுவாங். மற்றவர் அந்த நாடகத்தில், பெண்வேடமிடும் சீன இசைநாடகக் கலைஞனாக நடித்து 1988-இல் டோனி வாங்கிய பி.டி. வோங். ஆண்கள் பெண்வேடம் கட்டும் ஸ்திரீபார்ட் மரபை அறிந்த நமக்கு அந்த வேடத்தின் அருமை சொல்லாமலே விளங்கும்.

ஆகஸ்டில் நடிகர் சங்கமான ஈக்விட்டி, பிரைஸ் நடிக்க அனுமதி இல்லை என்று முடிவெடுத்தது. தயாரிப்பாளர் கேமரன் மெக்கின்டாஷ் நாடகத்தையே ரத்துசெய்வதாக அறிவித்தார். அதற்குள் முன்பதிவில் மட்டும் 2.5 கோடி டாலர் வசூலாகியிருந்தது. நாடகம் நின்றுபோனால் அதில் வேலை கிடைக்கவிருந்த ஆசிய நடிகர்களும் தெருவில் நிற்க வேண்டியதுதான். பத்து நாள் ஆவதற்குள் சங்கம் முடிவைத் திரும்பப் பெற்றது. 1991 ஏப்ரலில் ‘மிஸ் சைகோன்’ பிராட்வே தியேட்டரில் அரங்கேறியது. ஜூனில் பிரைஸுக்கு டோனி கிடைத்தது. அதே மேடையில், அதே நாடகத்துக்காக, மணிலாவிலிருந்து வந்த இருபது வயது லியா சலோங்கா சிறந்த நடிகை விருதைப் பெற்றார். டோனி பெற்ற முதல் ஆசியப் பெண் அவர்.

போராடியவர்கள் தோற்றார்கள் என்றுதான் விருதுப் பட்டியலைப் பார்ப்பவர் சொல்வார். அங்கேதான் நான் உங்களை நிறுத்த விரும்புகிறேன். பிரைஸ் விலகிய பிறகு எஞ்சினியராக வந்தவர் பிரான்சிஸ் ருவிவார், ஆசிய வம்சாவளியினர். அவருக்குப் பின்னும் ஆசிய நடிகர்களே அந்த வேடத்தைக் கட்டினார்கள். நாடகம் 2001 ஜனவரி வரை, 4,092 காட்சிகள் ஓடியது. கிட்டத்தட்ட பத்து ஆண்டு, வாரம் எட்டுக் காட்சி, வாரச் சம்பளம், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், வீட்டு வாடகை. அவர்களில் யாருக்கும் டோனி கிடைத்திருக்க முடியாது. விதி அப்படி. 1990-இல் எதிர்த்துக் குரல் கொடுத்தவர்களின் வெற்றி, கேமராக்கள் போன பிறகு, மாற்று நடிகரின் ஒப்பனை அறையில் வந்து சேர்ந்தது.

ஹுவாங் இந்தக் காயத்தைத் தாமே கீறிப் பார்த்து எழுதியதுதான், சற்று முன் சொன்ன ‘எல்லோ ஃபேஸ்’. தம்மையே கதாபாத்திரமாக்கினார். பிரைஸை எதிர்த்து முழங்கிய அதே நாடக ஆசிரியர், தம்முடைய நாடகத்தின் ஆசிய வேடத்துக்குத் தெரியாமல் ஒரு வெள்ளைக்காரரைத் தேர்ந்தெடுத்துவிட்டு விழிபிதுங்குகிறார். தம் தரப்பு நியாயத்தைத் தாமே குறுக்குவிசாரணை செய்யும் துணிவு எல்லாப் போராளிக்கும் வாய்ப்பதில்லை. 2007-இல் முதலில் அரங்கேறிய அந்த நாடகம் பிராட்வேக்கு வர 2024 ஆயிற்று.

மறுபடி 2025. டோனி வாங்கி இரண்டு மாதம் முடியும் முன்னே அறிவிப்பு வந்தது. டாரன் கிறிஸ் ஒன்பது வாரம் விலகுகிறார். அந்த இடத்தில் ஆண்ட்ரூ பார்த் ஃபெல்ட்மன் நடிப்பார். ஃபெல்ட்மன் வெள்ளையர். திறமையான இளைஞர், ஹெலன் ஜே ஷென்னுக்கு நிஜ வாழ்விலும் துணை. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் 1991-இன் கதை அப்படியே தலைகீழாகிவிட்டது பாருங்கள். அன்று விருது வெள்ளையருக்கும் அதன் பிறகான ஆண்டுகள் ஆசியருக்கும் போயின. இம்முறை விருதை ஆசிய வம்சாவளியினர் வாங்கினார், அடுத்து வந்த வேலை வெள்ளையருக்குப் போனது.

பி.டி. வோங் மீண்டும் குரல் கொடுத்தார். முப்பத்தைந்து ஆண்டுக்குப் பிறகு, அதே வேதனையோடு, ஒரு திறந்த மடல். ஆயிரக்கணக்கானோர் கையெழுத்திட்டார்கள். நாடகத்தின் தீவிர ரசிகர்கள் தங்களை ‘மின்மினிகள்’ என்று சொல்லிக்கொள்பவர்கள். அந்தக் கூட்டமும் பிளந்தது.

ரோபோவுக்கு ஏது இனம் என்றது ஒரு தரப்பு. படைத்தவர்களின் விளக்கமும் ஏறக்குறைய அதுவே: எல்லா வேடத்தையும் ஆசியர் நடிக்கலாம், ஆனால் ரோபோ வேடங்களை எப்போதும் ஆசியரே நடிக்க வேண்டும் என்று எண்ணி எழுதவில்லை என்றார்கள். என் மகளும் அந்தப் பக்கம். “அப்பா, நாளைக்கு நம்ம ஊர்ப் பையன் ஒருத்தன் ஹேம்லெட் நடிக்கணும்னா வேண்டாம்னு சொல்வீங்களா? வேடம் எல்லாருக்கும் பொதுன்னுதானே இத்தனை வருஷமா சண்டை போட்டோம்” என்றாள். வலுவான வாதம். அதை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை.

பேத்தி நெடுநேரம் பேசவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னாள். “அம்மா, எங்க ஸ்கூல் நாடகத்துல மூணு வருஷமா எனக்குத் தோழி வேஷம்தான். எல்லாருக்கும் பொதுன்னு சொல்லி எல்லா வேஷத்துக்கும் ஆள் தேடுறாங்க. கடைசியில பொதுவான முகம்னா அது என் முகமா இருந்ததே இல்ல.”

அந்தப் பிள்ளை சொன்னதற்கு மேல் நான் சேர்க்க ஒன்றுதான் உண்டு. ‘எல்லோருக்கும் பொது’ என்பது நிகர் எடையுள்ள தராசில் மட்டுமே நியாயம். ஹேம்லெட்டை நாளை ஆயிரம் வெள்ளை நடிகர்கள் கட்டப்போகிறார்கள். அதில் ஓர் ஆசியர் புகுந்தால் யாருக்கும் சோறு குறையாது. ஆசிய முகம் மேடையின் நடுவில் நிற்கும் இசைநாடகம் பிராட்வேயில் ஒரு பருவத்துக்கு ஒன்று வந்தாலே அதிகம். அந்த வேடத்தைப் பயின்று கைவசம் வைத்திருந்த ஆசிய மாற்று நடிகர்கள் அதே அரங்கின் கூரைக்குக் கீழே இருந்தார்கள். ஒன்பது வாரம்தானே என்பவர்களிடம் கேட்கிறேன்: முதல் வாய்ப்புக்காகப் பத்து ஆண்டு காத்திருப்பவருக்கு ஒன்பது வாரம் சின்னக் காலமா? இந்த வழக்கில் நான் பேத்தியின் பக்கம். மகளுக்கும் அது தெரியும்.

எல்லோருக்கும் இடம் என்பது நடிகரின் நிறத்தோடு முடிந்துவிடுகிற சேதியும் இல்லை. 2019-இல் ‘ஓக்லஹோமா!’ நாடகத்துக்காக ஆலி ஸ்ட்ரோக்கர் டோனி வென்றார். சக்கர நாற்காலியில் இயங்கும் கலைஞர் ஒருவர் அதை வென்றது முதன்முறை. அரங்கு எழுந்து நின்று கைதட்டியது. ஆனால் ரேடியோ சிட்டியில் பார்வையாளர் இருக்கைகளிலிருந்து மேடைக்குச் செல்ல அன்று சாய்தளம் இல்லை. தம் பெயர் அறிவிக்கப்படும் நேரத்துக்கு அவர் மேடைக்குப் பின்னால் காத்திருக்க வேண்டியிருந்தது. விருதைக் கையில் கொடுத்தவர்கள் வழியைக் கொடுக்க மறந்தார்கள்.

2025 கோடையின் அந்த ரோபோ வேடச் சண்டையிலிருந்து ஒரு நல்ல காரியம் பிறந்தது. இந்த அவையில் அதைச் சொல்லியாக வேண்டும். ‘ஓ, மேரி!’ நாடகத்தில் நடித்து அந்த ஆண்டு பரிந்துரை பெற்றிருந்த கான்ராட் ரிக்கமோரா பிலிப்பைன்ஸ் வம்சாவளியினர். நடிப்பைப் பட்டப்படிப்பாக எடுத்துப் படிக்கும் ஆசிய அமெரிக்க ஆண்களுக்கு ஒரு கல்வி உதவித்தொகையை அவர் தொடங்கினார். கோபத்தை ஓர் அறக்கட்டளையாக்கினார்.

ஜூன் 8-ஆம் தேதி இரவுக்கே திரும்புகிறேன். ‘எல்லோ ஃபேஸ்’ நாடகத்தில் ஹுவாங்கின் தந்தையாக நடித்த பிரான்சிஸ் ஜூவுக்குச் சிறந்த துணைநடிகர் விருது கிடைத்தது. 2007-இலும் அதே வேடத்தைக் கட்டியவர் அவர். அவர் அணிந்திருந்த கறுப்புக் கோட் இரவல் வாங்கியதில்லை, கடையில் எடுத்ததும் இல்லை. ‘பசிபிக் ஓவர்ச்சர்ஸ்’ நாடகத்தில் தம்முடன் நடித்த மூத்த கலைஞர் ஆல்வின் இங் இருபது ஆண்டுக்கு முன் கொடுத்தது என்று மேடையிலேயே சொன்னார். அந்த நாடகம் 1976-இல் முதலில் வந்தபோது ஷோகனின் தாயாகப் பெண்வேடம் கட்டியவர் இங். அவருக்கு டோனி கிடைக்கவில்லை. நீ டோனி வாங்கும்போது இதைப் போட்டுக்கொள் என்று சொல்லிக் கொடுத்தாராம். 2021-இல் இங் காலமாகிவிட்டார்.

பேத்தி தொலைக்காட்சியின் அருகே போய் நின்று, அந்தக் கோட் அவருக்குச் சரியாக இருக்கிறதா என்று பார்த்தாள். “அளவெடுத்துத் தைச்ச மாதிரி இருக்கு தாத்தா” என்றாள்.