அரிக்கன்சட்டியும் உருக்கும்

(நூற்றாண்டு ஒன்றுகூடலில் விஞ்ஞானப் பிரிவில் ஒன்றாகப் படித்த பழைய மாணவிகள் மூவர் சேர்ந்து ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நூற்றாண்டு மண்டபத்துக்குக் காசு சேர்க்கும் இந்த நாளில் நாங்கள் கம்பியைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். காரணம் இருக்கிறது.

எங்களில் ஒருவர் அல்லைப்பிட்டியில் வீடு கட்டினார். தூணுக்கு வளையம் செய்யவென்று மேசனார் கம்பியொன்றை வளைத்தார். வளைவின் வெளிப்பக்கம் வெடித்தது. இன்னொன்றை வளைத்தார், அதுவும் வெடித்தது. "பிள்ளை, இதுக்குள்ள ஏதோ கிடக்குது" என்றார். நாங்கள் ஒரு துண்டை வெட்டி, முகத்தை மினுக்கி, நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தோம். அவர் சொன்னது சரி. கம்பியின் நீளவாக்கில் சாம்பல் நிறத்தில் நூல்நூலாக ஓடியிருந்தது. மிகுதிக் கம்பியைத் திருப்பிக் கொடுத்தோம். ஆனால் அதே கம்பி ஏற்கெனவே இரண்டு தூண்களுக்குள் போயிருந்தது. அவற்றை உடைத்துத் திரும்பக் கட்ட வேண்டியதாயிற்று.

அந்த நூல்கள் எங்கிருந்து வந்தன? உருகிய உருக்கில் ஒட்சிசன் கரைந்திருக்கும். அதை அகற்ற அலுமினியமோ சிலிக்கனோ இடுவார்கள். அவை ஒட்சிசனோடு சேர்ந்து நுண்ணிய ஒட்சைட்டுத் துணிக்கைகளாகின்றன. கந்தகம் மங்கனீசுடன் சேர்ந்து சல்பைட்டாகிறது. உலையின் உட்பூச்சிலிருந்து உதிரும் துகள்களும் உண்டு. இவை உலோகமல்ல, உலோகத்துக்குள் அகப்பட்ட கசடு. உருக்கைக் கம்பியாக உருட்டும்போது மென்மையான சல்பைட்டு நூலாக இழுபடும். கடினமான அலுமினியம் ஒட்சைட்டு நொறுங்கி வரிசையாக நிற்கும்.

கம்பியை நீளவாக்கில் இழுத்துப் பார்க்கும் சோதனையில் இந்தக் குறை பெரிதாகத் தெரியாது. வளைக்கும்போதும், திடீரென அடி விழும்போதும், ஒரே பாரம் இலட்சக்கணக்கான தடவை வந்து போகும்போதும்தான் தெரியும். பேருந்துச் சில்லின் பெயரிங்கில், தலைமயிரின் தடிப்பிலும் சிறிய ஒரு துணிக்கை போதும், வெடிப்பு அங்கிருந்து தொடங்க.

1912 ஏப்ரலில் மூழ்கிய டைட்டானிக்கை எல்லோரும் அறிவோம். கடலடியிலிருந்து எடுத்த அதன் தறையாணிகளைப் பிற்காலத்தில் அமெரிக்க உலோகவியலாளர் டிம் ஃபெக்கே ஆராய்ந்தார். தேனிரும்பால் செய்த ஆணிகளில் 2 முதல் 3 சதவீதம் வரை இருக்கவேண்டிய கசடு ஏறத்தாழ 9 சதவீதம் இருந்தது. தேனிரும்பில் நீளவாக்கில் ஓடும் கசடு அவ்வளவு கெடுதி செய்யாது. ஆணியின் தலையை அடித்து விரிக்கும் இடத்தில் அந்தக் கசடு குறுக்கே திரும்பி நிற்கும். அந்த இடத்தில்தான் தலை கழன்றிருக்க வேண்டும் என்பது அவர் கருத்து. எவ்வளவு கசடு என்பதோடு, அது எந்த உருவில், எந்தத் திசையில் கிடக்கிறது என்பதும் முக்கியம்.

கசட்டை அகற்றும் வித்தையை நம் நாட்டவர் முன்பே அறிந்திருந்தார்கள். ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய நூலில், பலாங்கொடைப் பக்கத்துக் கிராமத்தவர் மண்மூசையில் உருக்குச் செய்ததைப் பதிந்திருக்கிறார். இரும்புத் துண்டோடு ஆவரசு மரச் சிராயை மூசையில் இட்டு, வாயை மூடி, முழுவதும் உருகும்வரை ஊதினார்கள். சாதாரண இரும்புலையில் இரும்பு உருகி ஓடாமல் பஞ்சுபோலத் திரளும். கசடு உள்ளே அகப்படும். மூசையில் எல்லாம் உருகுவதால், பாரம் குறைந்த கசடு மேலே மிதக்கும்.

எங்கள் அம்மாமாரின் அரிக்கன்சட்டியை நினைத்துப் பாருங்கள். அரிசி நீரோடு போக, கல் வரிகளில் தங்கும். உருக்கில் இது தலைகீழ்: கசடு மேலே வரும், நல்லது கீழே நிற்கும். இன்றைய ஆலைகளும் இதைத்தான் செய்கின்றன. உருகிய உருக்கினூடே ஆகன் வாயுவைக் குமிழியாக விட்டுக் கசட்டை மேலே கொண்டுவருகிறார்கள். மிஞ்சுவதைக் கல்சியம் இட்டு உருண்டையாக்குகிறார்கள். உருண்டை நூலாக இழுபடாது. கசடே இல்லாத உருக்கு எங்கும் இல்லை. கடைசல் வேலைக்கு இலகுவாக வெட்டுப்படவென்று கந்தகத்தை வேண்டுமென்றே கூட்டிய உருக்கும் உண்டு. எந்த வேலைக்கு எது என்பதே கேள்வி.

ஒன்றை நேர்மையாகச் சொல்லவேண்டும். தீவுப் பகுதியில் கம்பிக்கு முதல் எதிரி உப்பு. உவர் கிணற்று நீரில் கொங்கிறீற்றுக் குழைத்தால், எவ்வளவு சுத்தமான கம்பியும் துருப்பிடிக்கும். கம்பி வெடித்தால் கசடுதான் காரணம் என்றும் இல்லை. காபன் கூடினாலும், அளவுக்கு மிஞ்சி இறுக்கி வளைத்தாலும் வெடிக்கும். ஆகவேதான் ஊகிக்காமல் சோதிக்க வேண்டும்.

மண்டபக் குழுவிடம் எங்கள் வேண்டுகோள் மூன்று. கம்பி எஸ்.எல்.எஸ். 375 தரத்துக்கு உரியதாக இருக்கட்டும். கட்டில் தொங்கும் தகட்டிலுள்ள உருக்கு இலக்கமும் சோதனைச் சான்றிதழின் இலக்கமும் ஒன்றா என்று பாருங்கள். ஒவ்வொரு லொறியிலிருந்தும் சில கம்பிகளை, கொங்கிறீற்றுப் போட முதல், மேசனாரைக்கொண்டு வளைத்துப் பாருங்கள்.

கனடாவிலும் இலண்டனிலும் இரவு வேலை செய்து அனுப்பும் காசு இது. அந்தக் கூரையின் கீழே இருக்கப்போவது எங்கள் பேத்திமார். அரிக்காமல் அரிசியை உலையில் போட எங்கள் அம்மாமார் எங்களைப் பழக்கவில்லை.